சோபாவுக்கு அடியில்

“எங்கே, என் சாவி எங்கே?”

“சோபாவுக்கு அடியில் உள்ளது.”

“எங்கே, குடை எங்கே?”

“சோபாவுக்கு அடியில் உள்ளது.”

“எங்கே, சோபா எங்கே?”

பெட்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு அதே கனிவோடு சொன்னது: “சோபாவுக்கு அடியில் உள்ளது.”

கேள்வி கேட்ட, அத்தையின் அண்ணன் மகள் தொப்பென்று அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்காட்சி திறக்க இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருந்தது.

அத்தை அங்கே வந்தது வேடிக்கை பார்க்க. புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, பிளாஸ்கில் வெந்நீரோடு, காலையிலேயே கிளம்பி வந்திருந்தாள். காரணம், அந்தப் பெட்டி பேசுவது அத்தையின் குரலில்தான். தொலைபேசி விசாரணைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் நம்பர் சொன்ன குரல் அது. ஓய்வு பெற்ற மறுவாரமே அண்ணன் மகள் வந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து அந்தக் குரலை முழுசாகப் பதிந்து கொண்டு போனாள். இன்று அது நாலு பேர் நடுவில் பேசுவதைக் காது குளிரக் கேட்கலாம் என்று ஆசையோடு வந்த இடத்தில், சோபாவுக்கு அடியிலேயே போய் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

பெட்டியின் பெயரே ‘எங்கே’. ஒரு டிபன் டப்பா அளவு. முன்பக்கம் ஒற்றைக் கண் போல ஒரு கேமரா. அலமாரி மேல் வைத்துவிட்டால், வீட்டில் யார் எதை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்; தேடி அலையும்போது கேட்டால் சொல்லும். அண்ணன் மகளும் அவளுடைய கூட்டாளியும் ஒரு மொட்டைமாடி அறையில் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. கூட்டாளிக்கு ‘ஒயர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கழுத்தில் எந்நேரமும் இரண்டு ஒயர் தொங்கும். ஆளும் ஏறக்குறைய அதே பருமன்தான்.

“என்னடா பண்ணினே?” என்றாள் அண்ணன் மகள்.

“காலையில சின்னதா ஒரு திருத்தம் போட்டேன்,” என்றான் ஒயர். “நேத்து பத்துக்கு ஒன்பது சரியா சொல்லிச்சு. பத்துக்குப் பத்தும் சொல்லட்டுமேன்னு.”

“இப்ப பத்துக்குப் பத்தும் ஒரே பதிலா சொல்லுதே. பழசைத் திருப்பிப் போடு.”

“பழசு மேலதான் புதுசைப் போட்டுட்டேன்.”

அவள் முகத்தைப் பார்க்க அத்தைக்கே பாவமாக இருந்தது. அண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார்: இந்தக் கண்காட்சியில் ஏதாவது வழி பிறந்தால் சரி, இல்லாவிட்டால் திங்கட்கிழமை பழைய ஆபீஸுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அங்கே அவள் நாற்காலியை அதுவரைக்கும் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அவளுக்கு முதுகு வலிக்கும்.

“எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?” என்று ஒயரைக் கேட்டாள் அத்தை.

“ஒரு மணி நேரம், அத்தை.”

“கேமரா வேலை செய்யுதா?”

“கேமரா, ஸ்பீக்கர், மைக் எல்லாம் ஜோரா இருக்கு. மூளைதான் நின்னு போச்சு.”

அத்தை பிளாஸ்கைக் கீழே வைத்தாள். “குரல் என்னுது. பாத்து ஞாபகம் வச்சுச் சொல்லணும், அவ்வளவுதானே. ஒரு மணி நேரம் நான் உக்காந்து சொல்றேன்.”

“அத்தை, அது ஏமாத்து வேலை,” என்றாள் அண்ணன் மகள்.

“ஒரு மணி நேரத்துக்கு மேல ஆனாத்தான் ஏமாத்து. அதுவரைக்கும் ஒத்தாசை.”

அவர்களுடைய ஸ்டாலை ஒரு வீட்டுக் கூடம் மாதிரி அமைத்திருந்தார்கள். சோபா, அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, ஒரு குட்டி மேஜை. பின்னால் துணித்திரை. திரைக்குப் பின்னால் சாமான் போட்டுவைக்க இரண்டு முழ இடம். அங்கே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அத்தையை உட்கார வைத்து, கேமராவில் தெரிவதெல்லாம் தெரியும்படி கையில் ஒரு டேப்லெட்டையும் வாயருகே ஒரு மைக்கையும் கொடுத்தான் ஒயர். பின்பக்கம் நடைபாதைக்குத் திறக்கும் கதவு ஒன்று இருந்தது. யாராவது எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும் என்று அதைத் தாழ்போட்டு, சாமான்களையும் முட்டுக்கொடுத்தான். பிறகு மூலையில் லேப்டாப்போடு சுருண்டுகொண்டான்.

மணி பத்து. ஜனம் திபுதிபுவென்று உள்ளே வந்தது.

முதலில் வந்தவர் ஒரு வாத்தியார் மாதிரி இருந்தார். பேனாவை மேஜையில் வைத்தார், கைக்குட்டையைச் சோபாவில் போட்டார், முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு கேட்டார்.

“எங்கே, என் பேனா எங்கே?”

அத்தை தொண்டையைச் செருமாமல் அடக்கிக்கொண்டாள். “தங்கள் பேனா மேஜையின் இடது ஓரத்தில் உள்ளது. மூடி திறந்திருக்கிறது. கவனிக்கவும்.”

சுற்றி நின்ற நாலு பேர் கை தட்டினார்கள். அத்தைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ நம்பர் சொல்லியிருக்கிறாள். ஒருத்தரும் கை தட்டியதில்லை. பாதிப்பேர் நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுவார்கள்.

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. சாவிக்கொத்து, பர்ஸ், ஒற்றைத் தோடு, மாத்திரை அட்டை, எவர் எதை எங்கே ஒளித்து வைத்தாலும் பட்டுப் பட்டென்று பதில் வந்தது. கேட்காததையும் சொன்னாள். “செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்” என்றாள் ஒருவரிடம். அரைமணியில் ஸ்டால் முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது.

எதிர் ஸ்டாலிலும் கூட்டம்தான். அங்கே ஒரு பேசும் பீரோ. கதவைத் திறந்து முன்னால் நின்றால், எந்தச் சட்டை பொருந்தும், எது பொருந்தாது என்று கம்பீரமான ஆண் குரலில் சொல்லும். கருப்பு டீ-ஷர்ட் போட்ட தாடிக்காரர் ஒருவர் அதற்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். நாலு ஸ்டால் தள்ளி, குழந்தை எதற்கு அழுகிறது என்று சொல்லும் தொட்டில். டேப்லெட்டில் பீரோவைப் பார்த்த அத்தை பெருமூச்சு விட்டாள்.

“பாத்தியா ஒயர், என்ன தெளிவாப் பேசுது. அதுதான் உண்மையான மூளை. நம்மளை மாதிரி திரை மறைவு வேலையா அது?”

ஒயர் தலை நிமிரவில்லை. “அவங்க பெரிய ஆளுங்க, அத்தை. பன்னிரண்டு இன்ஜினியராம்.”

அந்தச் சமயத்தில்தான் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி, ‘எங்கே’ முன்னால் நின்று, “எங்கே, என் கைப்பை எங்கே?” என்றாள்.

“கைப்பை சோபாவின் மேல் உள்ளது.”

“அதுக்குள்ள இருந்த பிஸ்கெட் பாக்கெட் எங்கே?”

அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யோசிக்காமல் சொல்லிவிட்டாள். “தங்கள் கணவரின் சட்டைப் பையில் உள்ளது. ஏற்கெனவே மூன்று சாப்பிட்டுவிட்டார்.”

“சுகர் முந்நூறு இருக்கு உங்களுக்கு,” என்றாள் மனைவி.

“மெஷின் பொய் சொல்லுது,” என்றார் கணவர், உதட்டில் தூளோடு.

“மெஷினுக்கு என்னங்க, உங்க மேல கோபமா?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கண்காட்சி மைதானம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: இருபத்தேழாம் நம்பர் ஸ்டாலில் ஒரு பெட்டி இருக்கிறது, புருஷன் எத்தனை பிஸ்கெட் தின்றான் என்பதுவரை சொல்கிறது. இரண்டு மடங்கு கூட்டம் வந்தது. இத்தனை பேர் நடந்ததில் தரைவிரிப்பிலிருந்து தூசி கிளம்பியது. அத்தைக்குத் தூசி ஆகாது. மூக்கைப் பிடித்தாள், மூச்சை அடக்கினாள். முடியவில்லை. ஸ்பீக்கர் அதிரும்படி ஒரு தும்மல் போட்டாள்.



“மெஷின் தும்முமா?” என்றார் ஒருவர்.

அண்ணன் மகள் ஒரு நொடிதான் தடுமாறினாள். “அது தூசி காட்டுற வசதி சார். வீட்ல தூசி அதிகமானா தும்மிக் காட்டும். எல்லாருக்கும் சுலபமா புரியணும்னு வச்சிருக்கோம்.”

அவர் அசந்துபோனார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரிசோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு, பக்கத்தில் விரித்திருந்த மிதியடியை எடுத்துப் பெட்டிக்கு முன்னால் உதறினார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரை இடுக்கு வழியாகத் தூசி முழுவதும் உள்ளே வந்தது. அத்தை வரிசையாக ஏழு தும்மல் போட்டாள்.

“ஏழு,” என்று எண்ணிச் சொன்னார் ஒரு பெரியவர். “ஏழு ரொம்ப மோசம் இல்லையா?”

“பத்துக்கு ஏழு சார்,” என்றாள் அண்ணன் மகள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் கைக்குட்டை, தலைமுடி, பழைய பை என்று கையில் அகப்பட்டதைப் பெட்டி முன்னால் உதறிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி கணவரையே முன்னால் தள்ளி, “இவரைப் பாத்து எத்தனை தும்முதுன்னு சொல்லுங்க,” என்றாள். அத்தை மூக்கு சிவந்து, கண்ணில் நீர் கொட்ட, பிளாஸ்கிலிருந்த வெந்நீரை மடக் மடக்கென்று குடித்தாள். பிளாஸ்க் காலியானது. பதினொன்றரை மணிக்கு அதன் பலன் தெரிந்தது.

“ஒயர், என்னால முடியாது. பத்து நிமிஷம் நீ பாத்துக்க.”

“நானா? அத்தை, என் செருப்பு எங்கன்னே எனக்குத் தெரியாது.”

“எந்திரி.”

அண்ணன் மகள் முன்னால் நின்று ஒரு பெரிய அட்டையை விரித்து எதையோ விளக்க, அந்த மறைவில் அத்தை பக்கவாட்டு இடுக்கு வழியாக நழுவி ஓடினாள். ஒயர் மைக்கின் முன்னால் உட்கார்ந்தான். 

“எங்கே, என் வாட்ச் எங்கே?”

ஒயர் டேப்லெட்டைப் பார்த்தான். நாற்பது தலை தெரிந்தது, வாட்ச் தெரியவில்லை. பதறிப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னான். “அங்கதான்... எங்கயோ வச்சிருப்பீங்க. நல்லாத் தேடிப் பாருங்க.”

“இது என்னங்க ஆம்பளைக் குரல்?” என்றாள் கேட்ட பெண்.

அண்ணன் மகளுக்கு இப்போது கூச்சமெல்லாம் போய்விட்டது. “ரெண்டு குரல் இருக்கும்மா. வேணும்ங்கிற குரலை வச்சுக்கலாம்.”

“குரல் சரி. பதில் வரலியே. எங்கே, என் வாட்ச் எங்கே?”

“நான் பாக்கலைங்க,” என்றான் ஒயர் பரிதாபமாக. “நான் எடுக்கவே இல்ல.”

“ஆம்பளைக் குரல் வச்சா, வீட்டு ஆம்பளைங்க தேடித் தர்ற மாதிரியேதான்மா தேடித் தரும்,” என்றாள் அண்ணன் மகள். “அசல் மாதிரி இருக்கணும்னு ரொம்பக் கஷ்டப்பட்டுச் செஞ்சோம்.”

பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்த ஆண் குரலே தங்களுக்கு வேண்டும், சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அத்தை திரும்பி வந்தபோது அண்ணன் மகளின் கையில் இருநூறு பெயர் இருந்தது. “அத்தை, இருநூறு பேர். இருநூறு பேர் வேணும்ங்கிறாங்க,” என்றாள்.  சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரம் என்று சொன்ன ஒத்தாசை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு, சிறந்த ஸ்டாலுக்குப் பரிசு தரும் தலைமை நடுவர் வந்தார். வீட்டுச் சாமான் விற்கும் கடைகள் நாற்பது அவருக்கு. உயரமானவர், சிரிக்காதவர். பின்னால் கோப்போடு ஒரு உதவியாளர். கூட்டம் தானாக வழிவிட்டது.

அவர் எதையும் ஒளித்து வைக்கவில்லை. பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்கே, என் மூக்குக்கண்ணாடி எங்கே?”

அத்தை டேப்லெட்டை உற்றுப் பார்த்தாள். மேஜையில் இல்லை, சோபாவில் இல்லை. அப்புறம் தெரிந்தது. சொன்னால் அவருக்குக் கோபம் வருமோ என்று ஒரு கணம் பயந்தாள். விசாரணையில் உட்கார்ந்த பழக்கம் விடவில்லை.

“தங்களுக்கு ரொம்பப் பக்கத்தில்தான் உள்ளது. கொஞ்சம் குனிந்து பார்த்தால் கண்ணுக்கே வந்துவிடும்.”

நடுவர் குனிந்தார். நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடி சரிந்து மூக்கில் வந்து உட்கார்ந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவர் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். “ரொம்ப நல்லா இருக்கு. எனக்கு அதுதான் சந்தேகமாவும் இருக்கு. இங்க எல்லா மெஷினும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது. கேள்வியும் பதிலும் முன்னாடியே பேசி வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? எதிர்ல அந்தப் பீரோ இருக்கு பாருங்க. ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு பேச விடுங்க. ரெண்டு மெஷினும் சேந்து யாரையும் ஏமாத்த முடியாது.”

அண்ணன் மகளின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. “சார், ரெண்டும் வேற வேற கம்பெனி. ஒத்துப்போகாது.”

எதிர் ஸ்டாலிலிருந்து கருப்பு டீ-ஷர்ட்டும் ஓடி வந்தார். “எங்க பீரோ புது ஆளுங்ககிட்ட கொஞ்சம் கூச்சப்படும் சார்.”

“பேசட்டும்,” என்றார் நடுவர். “என் உதவியாளர் ஒரு வேலை இன்டர்வியூவுக்குப் போறதா வச்சுக்குவோம். பீரோ உடுத்தச் சொல்லட்டும். பெட்டி எடுத்துக் கொடுக்கட்டும்.”

திரைக்குப் பின்னால் அத்தை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். இத்தனை நேரம் மனுஷங்களை ஏமாற்றியது வேறு. மனுஷங்களுக்குக் காதும் கண்ணும் அவசரத்தில் இருக்கும். மெஷினுக்கு மெஷினைத் தெரியாதா? வாயைத் திறந்த மாத்திரத்தில் ‘இது ஆள்’ என்று ஊரறியச் சொல்லிவிட்டால்?

“மூச்சு சத்தம் கேக்காம பேசுங்க, அத்தை,” என்று கிசுகிசுத்தான் ஒயர்.

பீரோவின் கதவைத் திறந்து வைத்தார்கள். ஸ்டால்கள் நடுவில் ஊசி விழுந்தால் கேட்கும்.

“வணக்கம்,” என்றது பீரோ.

“வணக்கம், விசாரணைப் பிரிவு, சொல்லுங்கள்,” என்றாள் அத்தை. முப்பத்தொரு வருஷம் லேசில் போகுமா.

பீரோ சற்றுத் தயங்கியது. “தம்பிக்கு வெள்ளைச் சட்டை சொல்லியிருக்கேன். டை ஒண்ணு வேணும். உங்க பக்கம் ஏதாவது இருக்கா?”

“செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு நீல டை விழுந்து கிடக்கு. காலையில ஒருத்தர் விட்டுட்டுப் போனது. எடுக்கும்போது என் பக்கம் உதறாம எடுக்கச் சொல்லுங்க.”

உதவியாளர் குனிந்து எடுத்தார்.

“அது நீலமா?” என்றது பீரோ. “கருப்புன்னு பாத்தேன்.”

“நீலம்தான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.”

 கருப்பு டீ-ஷர்ட் நகத்தைக் கடித்தார்.

“ஆமாங்க, நீலம்தான்,” என்றது பீரோ. “கலர் விஷயத்துல எனக்கு அப்பப்போ சந்தேகம் வந்துடும்.”

தப்பை ஒத்துக்கொள்ளும் மெஷினைக் கூட்டம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கைதட்டல் அடங்கவே நேரமானது. அத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது.

“பீரோவா இருந்துக்கிட்டு கலர் தெரியலைன்னா எப்படிங்க?”

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. வர்றவங்க எல்லாரும் நிறைஞ்ச பீரோ முன்னாடி நின்னுக்கிட்டு, போட்டுக்க ஒண்ணுமே இல்லைங்கிறாங்க.”

“என்கிட்ட மட்டும் என்ன. கையில வச்சுக்கிட்டே தேடுறாங்க.”

“அவங்களுக்கு என்ன சொல்வீங்க?”

“கையைப் பாருங்கன்னு சொல்றதில்ல. அவங்களுக்கு அவமானமாப் போயிடும். பக்கத்துலதான் இருக்கு, நிதானமாப் பாருங்கன்னு சொல்வேன்.”

“அது ரொம்ப நல்ல பழக்கம்,” என்றது பீரோ. “நானும் இனிமே, இந்தச் சட்டை உங்களுக்குப் பொருந்தலைன்னு சொல்லாம, வேற ஒண்ணு இதைவிட நல்லா இருக்கும்னு சொல்றேன். உங்களுக்குக் களைப்பா இல்லையா? காலையிலேருந்து பேசிக்கிட்டே இருக்கீங்க.”

 அத்தை வேலை பார்த்த காலம் முழுக்க, லைனின் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடைசியில் ஒரு பீரோ கேட்கிறது.

“இல்லைங்க,” என்றாள். “இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கேன்.”

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபின் இரண்டு ஸ்டால்காரர்களையும் பக்கத்தில் கூப்பிட்டார். “இங்க எல்லா ஸ்டாலையும் பாத்தாச்சு. இந்த ரெண்டும் என் கடை எல்லாத்துலயும் எதிரெதிரா நிக்கணும். முதல்ல ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் வாங்கிக்கறேன். அஞ்சு மணிக்கு மேடையில சொல்லப்போறேன். அதுவரைக்கும் பின்பக்கம் என் ரூம்லதான் இருப்பேன்.”

அவர் போனதும் ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். அண்ணன் மகள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். ‘உணவு இடைவேளை’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். திரைக்குள் வந்தாள். தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“ஆயிரம், அத்தை,” என்றாள். “ஆயிரம் வீட்டுக்கு ஆயிரம் அத்தைக்கு நான் எங்க போவேன்?”

“ஒயர் சரி பண்ணிடுவான்மா.”

“கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு,” என்று ஒயர் லேப்டாப்பைத் திருப்பினான். “கேளுங்க. எங்கே, என் சாவி எங்கே?”

“தயவுசெய்து சோபாவுக்கு அடியில் பார்க்கவும்,” என்றது லேப்டாப்.

“மரியாதை வந்திருக்கு,” என்றான் ஒயர். யாரும் சிரிக்கவில்லை. “வேலைக்கு ஆகும், நிச்சயமா ஆகும். நேத்து வரைக்கும் ஆச்சு இல்லையா. எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லிக் கொடுக்கணும். பத்து நாள் வேணும்.”

“அஞ்சு மணிக்குள்ள பத்து நாள் எங்கடா கிடைக்கும்?” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அந்தப் பீரோக்காரங்க உண்மையா உழைச்சுச் செஞ்சிருக்காங்க. அது என்னமா யோசிக்குது, தப்பை ஒத்துக்குது, களைப்பான்னு விசாரிக்குது. அதுக்கு எதிர்ல நாம நின்னு பரிசு வாங்கறது பாவம். நான் போய் நடுவர்கிட்ட சொல்லிடறேன். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போறேன்.”

 அத்தைக்கும் அதே எண்ணம்தான் மனசில் முள்ளாக நின்றது. அந்தப் பீரோ அத்தனை பிரியமாகப் பேசியது, இன்னொரு மெஷினிடம் பேசுகிறோம் என்று நம்பித்தானே. பாவம், மெஷினானாலும் ஏமாற்றியது ஏமாற்றியதுதான்.

“நீ போக வேண்டாம்,” என்றாள். “சொன்ன வாய் என்னுது. நானே போய்ச் சொல்றேன். வயசுல பெரியவ, என்னைத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும். உனக்குப் பத்து நாள் தவணை தரச் சொல்லியும் கேக்குறேன். ரெண்டு வருஷ உழைப்பைப் பாத்தா எந்த மனுஷனும் பத்து நாள் தருவான்.”

“உங்களை நம்பலைன்னா?”

“விசாரணைப் பிரிவுன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டுறேன். குரலைக் கேட்டா நம்பிட்டுப் போறார்.”

முன்பக்கம் கூட்டம் கலையவில்லை. பின்கதவுதான் வழி. ஒயர் முட்டுக்கொடுத்த சாமான்களை ஒவ்வொன்றாக நகர்த்தினான். அத்தை மூக்கைத் துடைத்து, தலையைச் சரிசெய்து, புதுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். மனசு லேசாகிவிட்டது. தாழ்ப்பாளை விலக்கி நடைபாதையில் கால் வைத்தாள்.

நீளமான, வெள்ளையடித்த நடைபாதை. இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்டால்களின் பின்கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. காக்கிச் சட்டை போட்ட நடுத்தர வயசு ஆள் ஒருவர், டீ கெட்டிலும் காகிதக் கப்புகளும் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிர் வரிசையில் ஒரு கதவை இரண்டு தட்டுத் தட்டி, இடுக்கு வழியாக ஒரு கப்பை உள்ளே நீட்டிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பினார். அத்தையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

“ஏங்க, நடுவர் ரூம் எந்தப் பக்கம்?” என்றாள் அத்தை. “அவர்கிட்ட அவசரமா ஒரு உண்மையைச் சொல்லணும்.”

அவர் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார், கையிலிருந்த அட்டையில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

“பீரோவுக்குச் சர்க்கரை கூடாது, தொட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன், நீங்க எந்த மெஷின்மா?”